ஈரவுடையும் உலருடையும்

நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலின், குளிர்கடலில் இறங்கும் சுழியோடிக்கு அவன் அணியும் உடையே உயிர்க்காவல்.

1830களில் இங்கிலாந்தில் ஒகஸ்டஸ் சீபே என்பார், தலைக்கவசத்தோடு பொருந்திய நீர்புகா உடையைச் செம்மைப்படுத்தினார். உடல் நனைந்தால் சூடு நில்லாது என்பதே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரின் சுழியோடிகளும் இறப்பரினாலான உலருடையையே அணிந்தனர். அது கிழியுமாயின் உள்ளே நீர் புகும், சூடும் அகலும்.

1951ஆம் ஆண்டளவில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர் அந்நம்பிக்கையை மறுத்தார். சூட்டைக் காப்பது உலர்ச்சியன்று. அசையாது அடைபட்ட வாயுவே என்பது அவர் கண்ட உண்மை. நுண்குமிழிகள் நிறைந்த நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பரால் உடை அமைந்தால், உள்ளே சிறிது நீர் புகினும் தீங்கில்லை. இவ்வாறு பிறந்ததே ஈரவுடை.

எனினும், ஆழம் அதற்குப் பகையாயிற்று. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காகிறது, குமிழிகள் சுருங்குகின்றன, காப்பும் குறைகிறது. உலருடையிலோ, குறையும் வாயுவை உருளையிலிருந்து மீண்டும் நிரப்பலாம். ஆனால், மேலெழும்போது அவ்வாயு விரியும். அதனை உரிய வேளையில் வெளியேற்றத் தவறுபவனை அது கட்டுமீறி மேலே இழுத்துச் செல்லும்.

ஆகவே, மிதமான குளிரில் சிறிது நேரமே மூழ்கும் புதியவனுக்கு ஈரவுடை போதும். உறைகுளிரிலும் ஆழத்திலும் நெடுநேரம் நிற்க விழைபவனுக்கு உலருடையே வேண்டும். அதற்குமுன், அதனை ஆளும் பயிற்சி வேண்டும்.