சங்கரன்கோவில் என எழுதுதல்: கட்டட வரைபடத் தமிழ் எழுத்துருக்களும் குறியேற்ற மாற்றங்களும்

சங்கரன்கோவில், திருநெல்வேலி, தென்காசி ஆகிய மூன்று பெயர்களிலும் கொம்பு பெற்ற எழுத்து உண்டு. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, நாள் குறிக்கப்படாத கட்டட வரைபடம் ஒன்றின் தலைப்புக் கட்டத்தில் காணும் மாவட்டப் பெயர் அதன் காலத்தைத் துணிய உதவும். கணினிக் கோப்பில் அப்பெயர் சிதைந்து தோன்றினால் அச்சான்று கைநழுவுகிறது. வரைபட மென்பொருளுக்கு எழுத்துருவைத் தேர்வதை அழகியல் சார்ந்ததாக மட்டும் கருதும் வழக்கத்தை இக்கட்டுரை இவ்வடிப்படையில் மறுபரிசீலனை செய்கிறது.

ஆங்கில வரைபடக் கையெழுத்து பெரும்பாலும் பேரெழுத்துகளால் ஆனது. இரு வழிகாட்டிக் கோடுகளுக்குள் ஒரே உயரத்தில் அடங்கிவிடும். 1975இல் வெளிவந்த தம் நூலைக் கையெழுத்திலேயே அமைத்தவர் பிரான்சிஸ் சிங். அவர் கையெழுத்தைத் தழுவி டேவிட் சீகல் 1989இல் அடோபி நிறுவனத்திற்காக உருவாக்கியது டெக்டன் எழுத்துரு. தமிழுக்கு இவ்வழி அப்படியே பொருந்தாது. புள்ளியும் இகரச் சுழியும் மேலே எழுகின்றன. கு, ழ, ரு போன்றவை கீழே இறங்குகின்றன. ஐ.எஸ்.ஓ. 3098 தரநிலையின் ‘பி’ வகையில் கோட்டின் தடிமன் எழுத்துயரத்தில் பத்தில் ஒரு பங்கு. 2.5 மி.மீ. உயரத்தில் 0.25 மி.மீ. கோட்டால் ‘ண’ எழுதிப் பார்த்தால் சுழிகளுக்கிடையே வெளி மிகக் குறைவு என்பது விளங்கும். அத்தரநிலை இலத்தீன், கிரேக்க, சிரில்லிக் எழுத்துகளுக்குத் தனிப்பகுதிகள் கொண்டது, தமிழுக்கு இல்லை.

1982 இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளின் எஸ்.எச்.எக்ஸ். எழுத்துரு, எழுத்தை ஒற்றைக் கோட்டு இழுப்புகளின் தொகுதியாகச் சேமிக்கிறது. பேனா வரைவியும் கல்லில் பொறிக்கும் கருவியும் அக்கோட்டை ஒருமுறை பின்தொடர்ந்தால் போதும். ட்ரூடைப் எழுத்துருவிலோ எழுத்தின் புறவிளிம்பே சேமிக்கப்படுகிறது. கருவி அவ்விளிம்பைச் சுற்றிவந்து உள்ளீடற்ற எழுத்தை வரைகிறது. கையெழுத்தின் தன்மைக்கு நெருங்கியது முன்னையதே.

சிக்கல் குறியேற்றத்தில் எழுகிறது. எஸ்.எச்.எக்ஸ். முறையில் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம். வடிவங்கள் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும். 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்கள் இதற்கு இயல்பாகப் பொருந்துவன. அவற்றில் ‘கோ’ என்பது இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகிறது. ஒருங்குறியில் ககரம் முதலில், ஓகாரக் குறி அடுத்து. கொம்பை முன்னே நகர்த்தும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். வெறும் வடிவ வரிசையை வரையும் முறையில் அது நிகழாது, கொம்பு ககரத்திற்குப் பின்னே விழும். தரப்படுத்தலில் முன்னேறிய குறியேற்றம் ஒற்றைக்கோட்டு எழுத்துக்கு இடையூறாகவும், கைவிடப்பட்டது இணக்கமாகவும் அமைந்தது வரலாற்று முரண். 2010 சூனில் ஒருங்குறியோடு அரசு ஏற்ற டேஸ்16 ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தருவதால் இம்முரணைத் தீர்க்கும் வாய்ப்புடையது. எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பயனில்லை.

பழைய குறியேற்றங்களின் இணக்கத்திற்கும் விலை உண்டு. வரைபடக் கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டும் சுமக்கிறது, எழுத்துருவைச் சுமப்பதில்லை. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பரவிய பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். பாமினியாவது விசைப்பலகை அறிந்தவருக்கு மீட்கத்தக்கது. எழுத்துருப் பெயரும் அழிந்த கோப்பில் எக்குறியேற்றம் என்பதையே ஊகிக்க வேண்டியிருக்கும்.

எனவே ஒற்றைக்கோட்டு எழுத்துருவை விலக்க வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பொறிப்புக்கும் வரைவுக்கும் அதைக் கொள்ளலாம். அதே பெயர்களை ஒருங்குறியில் தனி அடுக்கில் எழுதிவைக்கலாம். எழுத்துருவின் பெயரும் குறியேற்றமும் தலைப்புக் கட்டத்திலேயே இடம்பெற வேண்டும். எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். படி ஒன்றும் உடன் இருக்க வேண்டும். சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் என மூன்று சன்னதிகள் கொண்ட சங்கரன்கோவில் கோயிலின் தளப்படத்தை எழுத்துருச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ‘கோமதி’யின் முதலெழுத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.