முந்திரிகையும் முட்டியும்



மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில், வாவியை அணைத்தாற்போல் அமைந்திருப்பது எங்கள் தன்னாமுனை. ஒருபுறம் சூசையப்பர் ஆலயத்தின் மணியோசை, மறுபுறம் வாவியில் வலை வீசுவோரின் குரல், இவற்றுக்கிடையே வளர்ந்தவன் நான். இன்று அரசாங்கப் பாடசாலையொன்றில் அதிபராகப் பணிபுரிகின்றேன். கடந்த சித்திரை விடுமுறையில் ஆசிரியர் நால்வர் யாழ்ப்பாணம் சென்று, வான் ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு அமர்த்தி, முந்திரிகைத் தோட்டம், பனங்கூடல், வடிசாலை என்று நாட்டுப்புறமெங்கும் சுற்றி வந்தோம். புறப்படுமுன்னரே ஊரில் நகைப்பு எழுந்தது. காலைக் கூட்டத்தில் மதுவின் கேடுகளை மாணவர்க்கு எடுத்துரைக்கும் அதிபர், மது உண்டாகும் இடங்களைப் பார்க்கப் போகின்றாராம்!

இத்தகைய சுற்றுலா பிறநாடுகளில் புதுமையன்று. பிரான்சிலும் இத்தாலியிலும் திராட்சைத் தோட்டங்களைக் காண்பதற்கென்றே மக்கள் திரள்கின்றனர். இந்தியாவில், மகாராட்டிரத்தின் நாசிக் நகரைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் 2000 ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவ்வாறே மக்கள் செல்லத் தொடங்கினர். நம் நாட்டிலோ குடிப்பவர் போத்தலை அறிவார், அரசாங்கம் வரியை அறியும். இவ்விரண்டுக்கும் முன்னே நிற்கும் தோட்டத்தையும் மரத்தையும் அறிந்தவர் சிலரே.

வாவிக்கரையிற் பிறந்த எனக்கு வைன் என்னும் பானம் வரலாற்றுப் பாடத்திலேதான் முதலில் அறிமுகமாயிற்று. 1602 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினார். போர்த்துக்கேயருக்கு எதிராகக் கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனோடு நட்புக் கொள்வதே அவர் நோக்கம். அந்த நட்பு நன்றாகவே தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர் வழியில் வந்தவர் செபால்ட் டி வேர்ட். இவர் தாம் கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தவர்களை விடுவித்துவிட்டார் என்பதில் மன்னனுக்கு மனக்கசப்பு. எனினும் மன்னன் மட்டக்களப்புக்கு நேரில் வந்திருந்தான். கப்பலுக்கு வந்து பார்த்துச் செல்லுமாறு டி வேர்ட் வற்புறுத்தினார். மன்னன் மறுத்து, தலைநகரில் அரசி தனித்திருக்கின்றாள், தான் திரும்ப வேண்டும் என்றான். டி வேர்ட் அப்பொழுது மதுமயக்கத்தில் இருந்தார் என்று பழைய ஒல்லாந்தர் குறிப்புக் கூறுகின்றது. அரசியைப் பற்றி அவர் நா கூசாமற் சொன்ன சொல்லை இங்கே திருப்பிச் சொல்லுதல் தகாது. மன்னன் அவரைப் பிடித்துக் கட்டுமாறு போர்த்துக்கேய மொழியிலேயே ஆணையிட்டான். கைகலப்பில் டி வேர்ட் கொல்லப்பட்டார். அவரோடு கரையில் நின்ற ஒல்லாந்தருள் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர்.

மட்டக்களப்பு மண்ணில் மதுவினால் சிந்திய குருதிக்கு ஏட்டில் எழுதப்பட்ட பழைய சான்றுகளுள் இது ஒன்று. சினமும் ஐயமும் அதற்கு முன்னரே மூண்டிருந்தன என்பது உண்மை. ஆயினும் கிண்ணம் ஒன்று குறைந்திருந்தால் அந்தச் சொல் பிறந்திராது என்றே நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. போர்த்துக்கேயர் புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டியதும், 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும் இதற்குப் பின்வந்த செய்திகள்.

தமிழர் முந்திரிகை மதுவை அறிந்தது அதற்கும் மிக முற்பட்ட காலத்தில். யவனர் கப்பலில் கொணர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56 ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945 இல் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. பாட்டும் ஓடும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கும் இத்தகைய இடங்கள் வரலாற்றில் அரியவை.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே கூறல் வேண்டும். தமிழ்நாட்டார் முந்திரி என்றதும் கசுக்கொட்டையை நினைப்பர். ஈழத்திலோ முந்திரிகை என்பது கொடியிற் காய்க்கும் பழம். திராட்சை என்று ஏட்டில் எழுதப்படுவது இதுவே. கத்தோலிக்க ஆலயங்களில் பலிபூசைக்குரிய பானத்தை முந்திரிகை இரசம் என்றே முதியோர் வழங்குவர். திருச்சபையின் விதிப்படி அது முந்திரிகைப் பழத்திலிருந்து மட்டுமே உண்டானதாகவும் கெட்டுப் போகாததாகவும் இருத்தல் வேண்டும். ஆதலின் எங்கள் தன்னாமுனை ஆலயத்தில் ஒரு துளி இரசம் வார்க்கப்படுவதற்கும் எங்கோ ஓரிடத்தில் ஒரு கொடி படர்ந்தாக வேண்டும். வாவிக்கரை மணலில் அக்கொடியை நான் கண்டதில்லை. அந்தக் கொடியைத் தேடியே முதலில் தோலகட்டிக்குப் போனோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியில் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்னும் ஊர்களைக் கடந்தால் வசாவிளான். நிலம் முழுவதும் செம்மண். கீழே சுண்ணாம்புக்கல், இடையே கிணற்று நீர். தோலகட்டியிலே 1928 ஆம் ஆண்டில் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் என்னும் துறவுச் சபையை நிறுவினார். யாழ்ப்பாண ஆயராக இருந்த கியோமார் ஆண்டகை அதற்குத் துணைநின்றார். கிறித்தவம் பரவும் நாடுகளில் தியான வாழ்வுக்குரிய மடங்களும் எழ வேண்டும் எனத் திருத்தந்தை பதினொராம் பத்திநாதர் 1926 இல் எழுதிய சுற்றுமடலின் கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. செபமும் மௌனமும் கைத்தொழிலுமே இத்துறவியரின் வாழ்க்கை. அவர்களுடைய நெல்லிரசமும் முந்திரிகை இரசமும் வடபகுதியெங்கும் பெயர் பெற்றவை. இச்சபையின் கன்னியர் ஆக்கும் இனிப்பு வைனிலே கறுவாவும் கராம்பும் மணக்கும்.

முந்திரிகை குளிர்நாட்டுக் கொடி. அங்கே மாரியில் இலையுதிர்த்து உறங்கி, வேனிலில் விழித்துக் காய்க்கும். நம் வெப்பநாட்டில் அதற்கு உறக்கமில்லை. ஆகவே தோட்டக்காரர் கத்தியெடுத்துக் கிளைகளை ஒட்ட நறுக்கி, அதன்மூலம் அதற்கு ஒரு மாரியை உண்டாக்கிக் கொடுக்கின்றனர். நறுக்கி மூன்று நான்கு மாதங்களில் பழம் முதிரும். ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு செய்யலாம். பந்தலின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, இலைகளினூடே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகின்றது. வான் சாரதி உட்பட எங்களுள் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

1990 ஆம் ஆண்டில் போர் காரணமாகப் பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாயின. மக்கள் கையில் எடுத்ததோடு வெளியேறினர். 2009 இல் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. நீர் வார்ப்பாரும் நறுக்குவாரும் இல்லாத கொடி எத்தனை காலம் நிற்கும்? தெருவோரத்தில் கூரையற்ற சுவர்கள் சிலவற்றை நாங்களும் கண்டோம்.

அச்சுவேலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை வழியாக வடமராட்சிக்குச் சென்றபோது முந்திரிகையை மறந்து பனையின் ஆட்சிக்குள் வந்துவிட்டோம். திக்கத்தில் பனஞ்சாராயம் வடிப்பதற்கென எழுந்த வடிசாலை பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களின் முயற்சி. வாயிலில் நின்றபடியே உடன்வந்த விஞ்ஞான ஆசிரியர் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார். முந்திரிகைச் சாற்றின் இனிப்பும் பனம்பாளைச் சாற்றின் இனிப்பும் ஒரே விதமாகவே மதுவாகின்றன. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர் சீனியைத் தின்று மதுசாரமாக்குகின்றது. பிரான்சு நாட்டவர் தம் வைன் ஏன் புளிக்கின்றது என்று கேட்டபோது, பாஸ்டர் 1860களில் ஆராய்ந்து சொன்ன உண்மை அது. நம் கள்ளுக்கு மிகுந்த அவசரம். விடியற்காலை முட்டியில் இனித்த சாறு அந்திக்குள் கடுத்துவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது புளியாமல் கருப்பநீராக நிற்கும், காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை. பாகா கள்ளா என்பதை ஒரு விரற்சுண்ணாம்பு தீர்மானிக்கின்றது.

ஆனால் எவர் சீவலாம், எவர் வடிக்கலாம், எவர் விற்கலாம் என்பதைத் தீர்மானித்தது சுண்ணாம்பன்று, சட்டம். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். கூடிய தொகை கேட்டவர்க்கு ஒரு பகுதி முழுவதும் உரிமையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குத்தகையாற் பெருஞ்செல்வரானவர்கள் தோட்டங்களும் சுரங்கங்களும் வாங்கி, மக்களைக் கல்லூரிக்கு அனுப்பிக் கனவான்களான வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். 1912 இன் மதுவரிச் சட்டம் குத்தகை முறைக்கு முடிவு கட்டிற்று. கள்ளுக்கென்று தனித் தவறணைகள் பல திறக்கப்படவே, தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் மூண்டெழுந்தது. டி. பி. ஜயதிலக்க, சேனநாயக்க சகோதரர் முதலியோர் பொதுவாழ்வில் பெயர் பெற்றது அவ்வியக்கத்தினாலேயே. 1974 இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. 1992 இல் அது தனியார் கைக்குப் போயிற்று. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது.

இந்த ஆண்டுகளையெல்லாம் ஒப்புவித்துக்கொண்டு நிற்கையில் எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. குடித்தவர் வரலாற்றில் இருக்கின்றார். டி வேர்ட் அதற்குச் சாட்சி. விற்றவரும் இருக்கின்றார், வரி வாங்கியவரும் இருக்கின்றார், தடுத்தவரும் இருக்கின்றார். மரத்தில் ஏறியவர் எங்கே? தோலகட்டியில் கொடி நறுக்கும் துறவியின் கை உழைப்பைக் கண்டு நாம் வணங்குகின்றோம், அது தகும். பாளை சீவியவர்களுக்கோ, யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட பிற சமூகத்தவரோடு, கோயில் வாயிலும் அடைபட்டிருந்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த 1968 ஆம் ஆண்டு தொலைவான காலமன்று.

இனி நான் சொல்லப்போவதை எந்தப் பாடநூலிலும் காணவியலாது. என் பாட்டனார் கள்ளுச் சீவும் தொழிலாளர். எங்கள் ஊருக்கு வடக்கேயிருந்த தென்னந்தோட்டங்களில் விடியுமுன் ஏறுவார். முதல் முட்டியில் ஒரு சிரட்டை அளவு பாட்டியாருக்கு; ஆப்பமாவைப் புளிக்க வைப்பதற்கு. அந்த ஆப்பத்தின் மணத்திலேதான் நான் கண்விழிப்பேன். 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நேயர்களுள் மூத்தோர்க்கு நினைவிருக்கும். மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னை அழிந்தது, பத்தில் ஒன்பது பங்கு என்று கணக்கிட்டனர். எனக்கு அப்போது எட்டு வயது. விடிந்ததும் பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மரங்களெல்லாம் ஒரே பக்கமாய்க் கிடந்தன. அவர் ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போனார். எந்த மரம் எவ்வளவு தரும் என்று அவருக்குத் தெரியும். புதுக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். பாளைக்கத்தியை வீட்டு வளையில் செருகியவர் பிறகு அதை எடுக்கவில்லை.

அதற்கு மறு ஆண்டு வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டுத் தொழிலையும் கேட்டு எழுதினார்கள். என் பாட்டனார் தோட்டக்காரர் என்றேன். அவர் 1991 இல் காலமாகும்வரை அந்தப் பொய் அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்திலும், ஆசிரியப் பணியிலும், அதிபரான பின்னும் நான் அதைத் திருத்தவில்லை. மதுவின் கேடுகளைப் பற்றி நான் சொன்னவற்றுள் ஒன்றும் பொய்யன்று. தந்தையின் குடியால் படிப்பை விட்ட பிள்ளைகளின் பெயர் வரவுப் பதிவேட்டில் எனக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பேச்சுக்களில் மரமேறியவரைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை.

திக்கத்திலிருந்து புறப்படும்போது, தெருவோரப் பனையடியில் முதியவர் ஒருவர் மாலைச் சீவலுக்கு ஆயத்தமாய் நின்றார். இடுப்பில் கத்திக்கூடு, கையில் தளநார். பேச்சுக் கொடுத்தோம். அவர் விளையாட்டாக அந்தத் தளநாரை என்னிடம் நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நுழைத்து, பாதங்களை மரத்தில் பொருத்தினேன். ஒரு முழம்கூட ஏற முடியவில்லை. உடன்வந்தோர் சிரித்தனர். முதியவர் சிரிக்கவில்லை; என் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, கால் வைக்கிற விதத்திலையே தெரியுது. உங்கட வீட்டிலை ஆரோ ஏறியிருக்கினம்" என்றார்.

"என்ர அப்பப்பா" என்றேன். முப்பது ஆண்டுகளாக என்னோடு பழகிய அந்த மூவரும் அதை அன்றுதான் கேட்டனர்.