கிராபிக்ஸ் கார்டும் கொஞ்சம் சரித்திரமும்

கரமனைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து வீட்டில் ஒரே பஞ்சாயத்து. பழைய லேப்டாப்புக்குப் புது கிராபிக்ஸ் கார்டா, இல்லை அந்தக் காசில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வதா? காலேஜ் போகும் பையனுக்கு அனிமேஷன் படிப்பு, விஷயம் விளையாட்டில்லை.

பதில் சரித்திரத்தில் இருக்கிறது. 1981-ல் ஐபிஎம் தன் பிசியை 5 ஸ்லாட்டுகளோடு விற்றது, அதன் நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் கார்டு செய்யலாம் என்றானது. 1995-ல் இன்டெல்லின் ஏடிஎக்ஸ் வந்தது. கேபினட், மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் பொது அளவுக்கு வந்தன. கடையில் தனித்தனியாக வாங்கி மாட்டலாம்.

லேப்டாப்புக்கும் முயற்சி நடந்தது. 2004-ல் என்விடியா எம்எக்ஸ்எம் என்ற கழற்றி மாட்டும் கார்டைக் கொண்டுவந்தது. ஆனால் ஹீட்சிங்க், பயாஸ் எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு, பரவவில்லை. பெரும்பாலான லேப்டாப்புகளில் சிப்பை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். ஃப்ரேம்வொர்க் 16 மாதிரி விதிவிலக்குகள் குறைவு.

காமர்ஸ் படித்தவன் கணக்கு இது: லேப்டாப்பில் தேய்மானம் மொத்தமாக விழும். டெஸ்க்டாப்பில் கேபினட்டும் பவர் சப்ளையும் அடுத்த வருஷத்துக்கு வரவு. அடிக்கடி ஊர் மாறும் நமக்கு லேப்டாப் சௌகரியம்தான், மறுக்கவில்லை. அதற்கு எஸ்எஸ்டி, ராம் போட்டு எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் வேண்டுமா, பணத்தை டெஸ்க்டாப்பில் போடுங்கள்.