தருக்க வினாவின் வரலாறும் விடைகாணும் நெறியும்

ஒருவன் எவ்வளவு கற்றுள்ளான் என்பதை அறிதல் எளிது. எவ்வாறு சிந்திக்கின்றான் என்பதை அறிதல் அரிது. இவ்வரிய செயலை மேற்கொண்ட பரீட்சைகளுள், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சட்டக் கல்லூரிப் பிரவேசத்தின் பொருட்டு நடாத்தப்பெறும் 'எல்சாற்' பரீட்சை குறிப்பிடத்தக்கது. அதன் வரலாற்றை நோக்குவார்க்கு விடைகாணும் நெறியும் புலனாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபின், போர்க்களத்தினின்று மீண்ட இளைஞர் பல்லாயிரவர் அந்நாட்டின் உயர்கல்வி நிலையங்களை நாடினர். வெவ்வேறு கல்லூரிகளிற் பயின்று வந்தோரை ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டிற்று. 1947 இல் கொலம்பியா, ஹாவார்ட், யேல் ஆகிய சட்டக் கல்லூரிகளின் பிரதிநிதிகள் இதுபற்றி ஆராய்ந்தனர். 1948 பெப்ரவரியில் முதற் பரீட்சை நடைபெற்றது. சட்ட அறிவையன்று, சட்டம் பயிலுதற்கேற்ற சிந்தனை ஆற்றலையே அது சோதிக்க முற்பட்டது.

1982 இல் அப்பரீட்சை புதுவடிவு பெற்றது. சிறு வாதமொன்றைத் தந்து அதன் வன்மை மென்மைகளை வினவுவது ஒரு பகுதி. சில நிபந்தனைகளைத் தந்து ஆட்களையோ பொருள்களையோ வரிசைப்படுத்துமாறு கேட்பது மற்றொரு பகுதி. பின்னையதற்கு விடைகாண்போர் பெரும்பாலும் படம் வரைந்தே கண்டனர். படம் வரைய இயலாதார் நிலை யாது? பார்வையிழந்த ஒருவர் 2011 இல் இவ்வினாவோடு நீதிமன்றை நாடினார். 2019 இல் பரீட்சையை நடாத்தும் சபையோடு இணக்கம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்ட் முதல் அப்பகுதி நீங்க, அதனிடத்தை இரண்டாவது வாதப் பகுதியொன்று பெற்றது. ஆகவே வாதத்தை ஆராய்தலே இன்று அப்பரீட்சையின் உயிர்நாடியாயுள்ளது.

அதனை ஆராயும் நெறி யாது? முதற்கண் முடிபு யாதெனத் தெளிதல் வேண்டும். அடுத்து அதனைத் தாங்கும் ஏதுக்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஈற்றில் இரண்டிற்கும் இடையே சொல்லாது விடப்பட்ட எடுகோளைக் காணல் வேண்டும். 'நகரில் வாசிகசாலைகள் பெருகின; அவ்வாண்டே குற்றங்கள் குறைந்தன; ஆதலின் வாசிகசாலைகளே குற்றங்களைக் குறைத்தன' என்பது ஒரு வாதமாயின், வேறு காரணம் யாதுமில்லை என்பது அதனுள் மறைந்துள்ள எடுகோள். வாசிகசாலை பெருகாத அயல் நகரிலும் குற்றங்கள் அவ்வளவே குறைந்தன எனின் வாதம் தளரும். தரப்பட்ட விடைகளுள் வாதத்திற்கு இன்றியமையாத எடுகோள் எதுவென ஐயுறின், ஒவ்வொன்றையும் மறுத்து நோக்குக. எதனை மறுக்க வாதம் வீழ்கின்றதோ அதுவே விடை.

மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதனால், முற்றம் நனைந்தமை கொண்டு மழை பெய்ததெனத் துணிதல் தவறு. யாரேனும் நீர் தெளித்துமிருக்கலாம். விடைகளுட் பல இத்தகைய மயக்கத்தையே வலையாக விரிப்பன. 'எல்லாம்', 'சில', 'மட்டும்' என்னும் சொற்களை அளந்து படிப்போன் அவ்வலையிற் சிக்கான். முப்பத்தைந்து நிமிடத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டுமாதலின், ஒன்றிலே தேங்கி நிற்றலும் ஆகாது. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாமையின், எவ்வினாவையும் விடையின்றி விடுதல் அறிவுடைமையன்று.

வரைபடம் நீங்கியும் வாதம் நிலைத்தது. பிறர் கூற்றைச் செவ்வனே கேட்டு, அவர் கூறாது விட்டதையும் உணரும் ஆற்றல், கண்ணுடையார்க்கும் கண்ணிலார்க்கும் பொதுவானது. நீதி வழங்கும் தொழிலுக்கு அதனினும் சிறந்த தகுதி வேறில்லை.