முதல் மூச்சும் குருதிக்கலன்களும்

ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, விலங்குகளின் பிறப்பைப் பற்றி 1651ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே ஒரு வினாவை எழுப்பினார். கருப்பையிலே மாதக்கணக்காக மூச்சின்றி வாழும் சிசு, வெளியே வந்து ஒருமுறை மூச்சு விட்டபின், அஃதின்றிச் சிறிது நேரமும் வாழ மாட்டாததேன்? குருதி உடலெங்கும் சுற்றி வருகின்றது என்பதை 1628இல் உலகிற்குக் காட்டியவர் அவரே. ஆயினும் இவ்வினாவிற்கு முழு விடை காணாமலே 1657இல் மறைந்தார்.

விடையின் ஒரு பகுதி ஆட்டுக்குட்டியிடமிருந்து கிடைத்தது. கருவிலே இதயம் தள்ளும் குருதியிற் பத்திலொரு பங்களவே நுரையீரலுக்குச் செல்லும். எஞ்சியது குறுக்கு வழிகளால் அதனை விலக்கிச் செல்லும். ஒக்ஸ்போர்டிலே ஜெப்ரி டோஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், பிறக்கும் தறுவாயிலுள்ள குட்டியின் நுரையீரலைக் காற்றால் நிரப்பினர். உடனே அங்குள்ள குருதிக்கலன்கள் தளர்ந்தன. குருதி பன்மடங்கு பெருகிப் பாய்ந்தது. இதனை அவர்கள் 1953இல் வெளியிட்டனர். ஆனால், இறுகியிருந்த கலன்களைத் தளரச் செய்தது யாது?

அதற்கான குறிப்பு, சிசுவைப் பற்றி எண்ணாத ஓர் ஆய்வுகூடத்திலே தோன்றிற்று. நியூயோர்க் நகரின் புரூக்ளினில் ரொபேர்ட் பேர்ச்கொட் என்னும் அறிஞர், முயலின் பெருநாடித் துண்டுகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தார். உயிருள்ள விலங்கில் அசற்றைல்கோலின் குருதியமுக்கத்தைத் தாழ்த்தும். அவருடைய துண்டுகளிலோ அது சுருக்கத்தையே உண்டாக்கிற்று. துண்டுகளை ஆயத்தஞ் செய்கையில், கலனின் உட்புறத்தே படிந்துள்ள மெல்லிய உயிரணுப் படலம் உரசுண்டு அழிந்து வந்ததே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. படலம் சிதையாத துண்டு தளர்ந்தது. உடன் ஆய்ந்தவரோடு 1980இல் அவர் இதனை வெளியிட்டார். அப்படலம் விடும் தளர்த்தும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும், சில விநாடிகளே நிலைக்கும் வாயு என 1987இல் அறியப்பட்டது. 1998ஆம் ஆண்டின் நோபல் பரிசு பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர்க்கும் கிடைத்தது. 1987இல் அவ்வாயுவை இனங்கண்டோருள் ஒருவரான சல்வடோர் மொன்காடா அதில் இடம்பெறாதது குறையென்றே பலர் கருதினர், அது நியாயமானதே.

வளர்ந்த விலங்கில் அறிந்ததைப் பிறந்த குட்டிக்கு அவ்வாறே பொருத்தலாகாது. பிறந்தவுடன் எடுத்த பன்றிக்குட்டியின் நுரையீரல் நாடி அசற்றைல்கோலினுக்கு அரிதாகவே தளர்கின்றது. சில நாள் சென்றபின் நன்கு தளர்கின்றது. ஆட்டுக்குட்டியிலும் வாயுவை ஆக்கும் ஆற்றல் பிறப்பை அண்டி வளரத் தொடங்கி, முதல் வாரங்களில் மேலும் பெருகுகின்றது. ஒட்சிசன் குறைந்த காற்றிலே வளர்த்த பன்றிக்குட்டிகளில் இம்முதிர்ச்சி தடைப்பட்டது. இளங்கலன் முதிர்கலனின் சிற்றுருவன்று. எனினும், அந்த வளர்நிலை ஆற்றலே பிறப்பிற்கு இன்றியமையாதது. 1990இல் வெளியான ஆய்வொன்றில், கருவிலுள்ள ஆட்டுக்குட்டிகளில் வாயு ஆக்கத்தைத் தடுத்தபோது, முதல் மூச்சோடு பெருகவேண்டிய நுரையீரற் குருதியோட்டம் பெரிதுங் குறைந்தது.

சில குழந்தைகளுக்குப் பிறந்த பின்னரும் நுரையீரற் கலன்கள் தளர்வதில்லை. குருதி பழைய குறுக்கு வழிகளாற் செல்ல, உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே இடரான நிலை அது. இத்தகைய குழந்தைகள் சுவாசிக்கும் காற்றோடு மிகச் சிறிதளவு நைத்திரிக் ஒட்சைட்டைக் கலந்து கொடுத்த மருத்துவக் குழுக்கள் இரண்டு, 1992இல் தம் அனுபவத்தை வெளியிட்டன. குழந்தைகளின் குருதியில் ஒட்சிசன் உயர்ந்தது. 1999இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு இசைவளித்தது. எனினும் எல்லாக் குழந்தைகளும் இதனாற் பயன்பெறுவதில்லை; பிரிமென்றகட்டிலே பிறவித் துவாரமுடைய குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் உதவுவதில்லை.