கோலும் பாயும்

பெருநகரங்கள் பலவற்றிலே இன்று உடற்பயிற்சிக் கூடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றினுள்ளே புகுந்து நோக்குவார், காலையில் யோகாசன வகுப்பும் மாலையில் ‘பார்’ எனப்படும் வகுப்பும் ஒரே அறையில் நடைபெறக் காண்பர். முதல் வகுப்புக்கு வேண்டுவது ஒரு பாய். இரண்டாம் வகுப்புக்கு வேண்டுவது, ஏறத்தாழ இடுப்பளவு உயரத்திலே சுவரோரம் பொருத்தப்பட்ட ஒரு மரக்கோல். பலே நடனம் பயில்வோர் அக்கோலைக் கையாற் பற்றிக்கொண்டே தம் அன்றாடப் பயிற்சியைத் தொடங்குவர். அக்கோலுக்குப் பிரெஞ்சு மொழியிலே வழங்கும் பெயரே வகுப்புக்கும் பெயராயிற்று.

முதல் நாள் அங்கு செல்பவர், ஓட்டமோ துள்ளலோ இல்லாத இப்பயிற்சி எளிதென்றே எண்ணுவர். குதிகாலைச் சற்றே உயர்த்தி, முழங்காலைச் சற்றே மடித்து, ஓர் அங்குல அளவு மட்டும் மேலும் கீழும் அசையுமாறு ஆசிரியை பணிப்பார். சிறிது நேரத்துக்குள் தொடைகள் நடுங்கத் தொடங்கும். கோலைப் பற்றிய கை இறுகும். யோகாசன வகுப்பிலும் நிலைமை இதுவே. ஓர் ஆசனத்திலே அசையாது நிலைத்திருந்து, மூச்சைச் சீராக விடுதல் எத்துணை அரிது என்பதை உடலே உணர்த்திவிடும்.

அங்கு வருவோருள் மிகப் பலர் மெலிந்த இடையையும் நிமிர்ந்த முதுகையும் நாடி வருபவர்கள். தாம் பற்றி நிற்கும் கோலும் தாம் விரித்த பாயும் எவ்வழியாக அவ்வறைக்கு வந்தன என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்பாராயின் கிடைக்கும் விடை வியப்புக்குரியது. மேலைநாட்டு நகரங்களிலே இவ்விரு பயிற்சிகளுக்கும் வழி வகுத்தோருள் முதன்மையான இருவர் பெண்கள். இருவரும் மேடையில் ஆடியவர்கள். இருவரும் தாம் பிறந்து வளர்ந்த உலகை இழந்து, அயல்நாடுகளிலே வாழ்வு தேடியவர்கள்.

யோகம் பாரதத்தின் தொன்மையான செல்வம். அதனை அமெரிக்க மக்களிடையே விளக்கியோருள் சுவாமி விவேகானந்தர் தலைசிறந்தவர். 1893ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரிற் பேசிய அவர், மனத்தை ஒருமுகப்படுத்தும் இராச யோகத்தையே பெரிதும் வலியுறுத்தினார். ஆசனப் பயிற்சிக்கு அவர் முதன்மை கொடுத்தாரல்லர். ஆசனங்கள் உலகெங்கும் பரவுதற்கு வாயிலாக அமைந்தது மைசூர் நகரம். அங்கே மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன், 1930களிலே ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். பிற்காலத்திலே உலகப் புகழ் எய்திய பி. கே. எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அவருடைய மாணாக்கர்களே. பழைய ஆசனங்களோடு மல்லர் பயிற்சியும் மேலைநாட்டுத் தேகாப்பியாசமும் அச்சாலையிலே கலந்தன என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

அந்த யோகசாலையின் வாயிலிலே 1937ஆம் ஆண்டிலே ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றார். அவருடைய இயற்பெயர் யூஜீனி பீட்டர்சன். அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ரீகா நகரிலே 1899இற் பிறந்தவர். ரஷ்யப் புரட்சியின் கொந்தளிப்பிலே தாயுடன் நாட்டை விட்டு வெளியேறி, பேர்லின் நகரையடைந்து, நாடகக் குழுவொன்றிலே நடித்தும் ஆடியும் பிழைத்தார். 1927இல் இந்தியாவுக்கு வந்தார். திரைப்படமொன்றில் நடித்தபோது ‘இந்திரா தேவி’ என்னும் பெயரைப் பூண்டார்; அப்பெயரே இறுதிவரை நிலைத்தது.

அந்நிய நாட்டவர் ஒருவரை, அதிலும் ஒரு பெண்ணை, மாணாக்கியாக ஏற்பதற்கு ஆசிரியர் முதலில் இசையவில்லை. மன்னர் பரிந்துரைத்த பின்னரே இடம் கிடைத்தது. உணவிலும் நேரவொழுங்கிலும் கடுமையான விதிகள் விதிக்கப்பட்டன. அவள் தானே சலித்துப் போய்விடுவாள் என்பது ஆசிரியரின் எண்ணமாக இருந்திருத்தல் கூடும். ஆயின், அவர் சலிக்கவில்லை. பயிற்சி முடிந்து அவர் விடைபெறும் காலம் வந்தபோது, முதலில் மறுத்த அதே ஆசிரியர், ‘நீ பிறருக்குக் கற்பிக்க வேண்டும்’ என்று பணித்தார்.

அப்பணியை இந்திரா தேவி 1939இல் ஷங்காய் நகரிலே தொடங்கினார். 1947இல் அமெரிக்காவுக்குச் சென்று, ஹொலிவூட்டிலே சன்செட் பெருந்தெருவில் யோகப் பள்ளி ஒன்றை நிறுவினார். கிறெற்றா கார்போ, குளோரியா சுவான்சன் முதலான நடிகையர் அவரிடம் பயின்றனர். 1953இல் அவர் எழுதிய நூல் இல்லத்தரசிகளிடமும் ஆசனங்களைக் கொண்டு சேர்த்தது. 2002ஆம் ஆண்டிலே, ஆர்ஜென்டீனத் தலைநகராகிய புவனஸ் அயர்சில், தமது 102ஆவது வயதிலே அவர் மறைந்தார்.

பாயின் கதை இது. கோலின் கதை ஜேர்மனியிலே தொடங்குகிறது. கொலோன் நகரிலே 1913இற் பிறந்த லொட்டே பேர்க் என்பார், நடனத்தையே வாழ்வாகக் கொண்ட யூதப் பெண். இட்லரின் ஆட்சி வந்தது. யூதர்களுக்கு மேடைகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. அவருடைய கணவரும் நடனக் கலைஞர். பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவர். அச்சீட்டே குடும்பத்துக்கு உயிர்க்காப்பாயிற்று. 1938இல் சிறுமியாகிய மகளையும் அழைத்துக்கொண்டு அவர்கள் இலண்டன் மாநகரையடைந்தனர்.

அகதியாக வந்த நடனமாதுக்கு அந்நகரம் மலர்ப்பாதை விரிக்கவில்லை. ஓவியர்களுக்கு முன்னே அசையாது அமர்ந்து கூலி பெற்ற நாட்களும் உண்டு. ஆண்டுகள் கழிந்தன, முதுகிலே காயமும் ஏற்பட்டது. ஆடும் பருவம் கடந்துவிட்ட 46ஆவது வயதிலே, 1959இல், மஞ்செஸ்டர் வீதியிலுள்ள நிலவறை ஒன்றிலே அவர் ஒரு பயிற்சிக் கூடத்தைத் திறந்தார். நடனக்காரர் பற்றும் கோலையும், காயமுற்ற உடலைத் தேற்றும் பயிற்சிகளையும் இணைத்து, நடனம் அறியாத பெண்களுக்கும் ஏற்ற ஒரு முறையை வகுத்தார். தளர்ந்த உடலைக் கண்டாற் பொறுக்காத கண்டிப்பும், பயிற்சிகளுக்கு வேடிக்கைப் பெயர் சூட்டி மகிழும் குறும்பும் அவரிடம் ஒருங்கே இருந்தன. நடிகையரும் எழுத்தாளரும் நிலவறையின் படிகளிலே இறங்கி வந்தனர்.

அவரிடம் பயின்ற அமெரிக்கப் பெண்ணாகிய லிடியா பாக், 1971இல் அம்முறையை நியூ யோர்க் நகருக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து கிளைத்தவை இன்று பல நாடுகளிலே பரவியுள்ளன. லொட்டே பேர்க் தமது 90ஆவது வயதிலே, 2003ஆம் ஆண்டிலே, காலமானார். இன்று ‘பார்’ என்ற சொல்லை அறிந்தோர் ஆயிரமாயிரவர். அவருடைய பெயரை அறிந்தோர் சிலரே.

இவ்விரு வாழ்வுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நாடு கடப்பவரின் பெட்டியை எல்லைக் காவலர் திறந்து பார்க்கலாம். வீட்டையும் நிலத்தையும் ஆட்சியாளர் பறித்துக்கொள்ளலாம். பட்டங்களும் பத்திரங்களும் பயனற்றுப் போகலாம். காலும் முதுகும் மூச்சும் கற்றுக்கொண்டதை எவராலும் பறிமுதல் செய்ய இயலாது. ஆயினும், அச்செல்வத்துக்கு ஒரு குறையும் உண்டு. உடல் மறையும்போது அதுவும் மறைந்துவிடும். மற்றோர் உடலுக்குக் கற்பித்தால் மட்டுமே அது பிழைத்திருக்கும். மைசூர் ஆசிரியர் தம் மாணாக்கிக்கு இட்ட கட்டளையின் பொருள் இதுவே. இலண்டன் நிலவறையிலே அகதிப் பெண் ஒருத்தி ஊன்றிய கோலின் பொருளும் இதுவே.

பாயை விரிப்பதும் கோலைப் பற்றுவதும் இடை மெலிவதற்காகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதிலே பிழையொன்றுமில்லை. ஆனால், தொடை நடுங்கி, ‘இனி இயலாது’ என்று கையை விட நினைக்கும் அந்தக் கணத்திலே, எல்லாம் இழந்த பின்னரும் பிடியை விடாதிருந்த இருவரை நினைப்பது தகும்.