கண்புரை அறுவைச் சிகிச்சை: மதுரை வரலாறு

கண்ணின் பாவைக்குப் பின்னால் அமைந்த இயற்கை வில்லை தன் தெளிவை இழந்து மங்கிப்போவதே கண்புரை எனப்படும். முதுமையாலும் நீரிழிவாலும் கண்ணில் படும் அடியாலும், சிலருக்குப் பிறவியிலேயும் உண்டாகும் இக்குறையை மருந்தால் போக்க இயலாது என்பதால், மங்கிய வில்லையை நீக்கும் அறுவையே தொன்றுதொட்டு இதற்குரிய சிகிச்சையாக இருந்துவருகிறது. சுசுருத சங்கிதை கூறும் முறையில், கண்ணுக்குள் கூரிய கருவியைச் செலுத்திப் புரையை ஒளி செல்லும் வழியிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். வில்லையை வெளியே எடுக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் டாவியெல் 1747-இல் கையாண்டார். தமிழகத்தில், தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் நோயாளிகளின் விவரங்களை வண்ணப் படங்களுடன் எழுதிவைக்கச் செய்தார். அப்பதிவுகள் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மதுரையிலும் பிற ஊர்களிலும் வழக்கிலிருந்த அறுவை, வில்லையை அதன் உறையோடு சேர்த்து முழுதாக எடுத்துவிடுவதாகும். வில்லை போன கண்ணுக்கு ஏறத்தாழ +10 டயாப்டர் ஆற்றலுள்ள, மக்கள் சோடாபுட்டிக் கண்ணாடி என்று அழைத்த, தடித்த மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. அதன் வழியே பொருள்கள் பெரிதாகவும் பக்கவாட்டில் வளைந்தும் தெரிந்தன. வரப்பில் நடப்பவரும் படி இறங்குபவரும் தடுமாறினர். அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ, அறுவை நல்லபடியாக முடிந்திருந்தும், அதை அணிந்தவர் மறுபடி பார்வையற்றவராகவே ஆனார்.

இக்குறைக்கு விடை, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்துவது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணில் தைத்த பெர்சுபெக்சு என்னும் நெகிழிச் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்த ஆங்கில மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949-இல் இலண்டனில் முதல் உள்விழி வில்லையைப் பொருத்தினார். ஆயினும், நெடுங்காலம் அது வசதி படைத்த நாடுகளுக்கே உரியதாக இருந்தது.

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராக 1956-இல் பொறுப்பேற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி (1918–2006), எட்டயபுரம் அருகேயுள்ள வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கருவிகளைப் பிடிக்கப் பயின்று, ஊர் ஊராகக் கண் முகாம்களை நடத்திய அவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், தங்கை டாக்டர் கோ. நாச்சியார், அவர் கணவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி முதலிய குடும்பத்தாருடன் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுவோரிடம் பெறும் வருவாயைக் கொண்டே கட்ட இயலாதோருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பது அதன் வழக்கமாயிற்று. முகாமில் பரிசோதனையை மட்டும் செய்து, அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கே அழைத்துவரும் ஏற்பாடு, பள்ளிக்கூட வகுப்பறையில் அறுவை செய்த பழைய முகாம்களைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. விளாங்குடி, சமயநல்லூர் எனத் திண்டுக்கல் சாலையை ஒட்டிய ஊர்களுக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. வைகைச் சமவெளிக்கு அப்பால் வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பேருந்தே சிகிச்சையின் முதல் படி.

வில்லை பொருத்துவது ஏழை நாட்டுக்குத் தேவைதானா என்ற கேள்விக்கும் மதுரையிலேயே விடை தேடப்பட்டது. 3,400 நோயாளிகளை இரு பிரிவாக்கி, பழைய முறையையும் வில்லை பொருத்தும் முறையையும் ஒப்பிட்ட ‘மதுரை உள்விழி வில்லை ஆய்வு’, வில்லை பெற்றவர்களால் அன்றாட வேலைகளை இன்னும் நன்றாகச் செய்ய முடிந்ததைக் காட்டியது. அதன் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. மற்றொரு தடை, விலை. ஏறத்தாழ 100 டாலர் விலையுள்ள இறக்குமதி வில்லைக்கு மாற்றாக, 1992-இல் மதுரையில் நிறுவப்பட்ட ஆரோலேப் ஏறத்தாழ 10 டாலருக்கு வில்லை தயாரித்தது. இவ்வரலாற்றில் கத்தியின் திறமையைவிட இந்த விலைக்குறைப்பே பெரிய நிகழ்வு என்று கூறத் தகும்.

அறுவையின் வெட்டும் சுருங்கியது. முன்பு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வெட்டித் தையல் போட்ட இடத்தில், தையலில்லாச் சிறுவெட்டு முறையில் விழியின் வெண்படலத்தில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்தில் சாய்வான சுரங்கம் அமைக்கப்படுகிறது. அதன் வழியே வில்லையின் கெட்டியான கருவை வெளியே எடுத்து, எஞ்சிய கூழை உறிஞ்சி, மீந்திருக்கும் உறைக்குள் புதிய வில்லையை வைத்ததும், கண்ணின் அழுத்தமே அச்சுரங்கத்தை மூடிவிடுகிறது. சார்லசு கெல்மன் 1967-இல் அறிமுகப்படுத்திய பேகோ முறையில் மீயொலி அதிர்வால் புரை உடைத்து உறிஞ்சப்படுவதால் இன்னும் சிறிய வெட்டே போதும். எனினும் கருவிச் செலவு மிகுதி.

மூக்குக்கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யப்படும் லேசிக் வேறு வகையானது. அது கருவிழியின் வளைவைத் திருத்துமேயன்றிப் புரையை நீக்காது.

“புரை பழுக்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்ற அறிவுரை வில்லையை முழுதாக எடுத்த காலத்துக்குரியது. முற்றவிட்ட புரை கண்ணழுத்தத்தைக் கூட்டி நிலையான பார்வையிழப்பில் கொண்டுபோய் விடலாம் என்பதால், மங்கல் அன்றாட வேலைக்கு இடையூறாகும்போதே அறுவை செய்துகொள்வது நன்று.